மூடியில் பல் தடம்

— ஏறி நில்லுங்கண்ணே, மெஷின் ஒண்ணும் கடிக்காது.

— கடிக்காது, காட்டிக்கொடுக்கும். நம்பரை நீ பார்க்காதே தங்கச்சி, நானே படிச்சுக்கிறேன்.

— நாயைத் தூக்கி வச்சுக்கிட்டு, உங்க வயித்தையும் தாண்டி எட்டிப் பார்த்துப் படிச்சிடுவீங்களா? அசையாதீங்க. நூத்திப் பதினொண்ணு.

— சரி, மிளகை இறக்கி விட்டுடறேன். இப்ப நான் மட்டும்.

— எண்பத்தாறு. அண்ணே! நாய்ப்படை இன்ஸ்பெக்டர்னா ஓடணும் கீடணும்னு விதி எதுவும் கிடையாதா?

— நாய் ஓடும், நாங்க கையெழுத்துப் போடுவோம். எண்பத்தாறு போச்சுன்னா இருபத்தஞ்சு. போன வாரம் டிரைவர் இங்க கொண்டுவந்து விட்டப்ப இருபத்தெட்டரை. மூணரை கிலோ இறங்கியிருக்கு.

— பத்துல ஒரு பங்குக்கு மேல இறங்கினா என்னன்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கு?

— நீயே படிச்சிருப்பியே.

— படிச்சேன். உங்க வாயால கேட்கணும்.

— படைக்குத் திருப்பி எடுத்துக்கணும். பாரு தங்கச்சி, எனக்கு மட்டும் ஆசையா? வண்டி கீழ நிக்குது, டிரைவர் கூண்டைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கான். நான் ரெண்டு மாடியும் ஏறி வர்றப்ப படிக்குப் படி 'சாப்பிட்டிருக்கணும், சாப்பிட்டிருக்கணும்'னு சொல்லிக்கிட்டேதான் வந்தேன்.

— மெதுவாப் பேசுங்க. உள்ள என் வீட்டுக்காரரு படுத்திருக்காரு. பேச்சுதான் போச்சு, காதுக்கு ஒண்ணும் ஆகல.

— மீசை தூங்கலையா?

— மீசைன்னு கூப்பிடாதீங்கண்ணே. ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க. ஊட்டுற சாப்பாடு அதுல ஒட்டுதுன்னு.

— எடுத்துட்டாங்களா? அந்த மீசைக்கு அவன் பண்ணின அலங்காரம் என்ன! அணிவகுப்புக்கு நாய் ரெடியாயிடும், இவன் சீப்பை வச்சுக்கிட்டு நிப்பான்.

— வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கே கண்ணாடியைக் காட்டி, எடுத்துட்டுப் போன்னு கையை ஆட்டினாரு. இப்ப இந்த வீட்டுல கண்ணாடின்னா என் தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஒண்ணுதான், அதுவும் தைச்ச துணியைப் போட்டுப் பார்க்க வரவங்களுக்காக. மிளகு மட்டும்தான் மீசையைப் பத்தி ஒண்ணும் கண்டுக்கல.

— அது எங்கே மூஞ்சியைப் பார்க்குது, மோந்துதான் பார்க்கும்.

— வந்த அன்னைக்கு நீங்க பார்க்கணும். பீரோவுக்கு அடியில, அடுப்படியில, என் துணி மூட்டை ஒண்ணொண்ணா மோந்துச்சு. இந்த வீட்டுல வெடிகுண்டு இல்லன்னு திருப்தி ஆனப்புறம்தான் அவரு கட்டில் பக்கமே போச்சு. போயி தலையைத் தூக்கி அவரு கை மேல வச்சுது. வலது கை. அந்தக் கைக்கு உணர்ச்சியே கிடையாதுண்ணே. ஆனா அவரு அழுதாரு. பக்கவாதம் வந்த நாளுல இருந்து அன்னைக்குத்தான் அழுதாரு.

— அப்புறம் எதுக்கு இந்தக் கழுதை சாப்பிட மாட்டேங்குது?

— என்னைக் கேட்டா? பழக்கினது நீங்கதானே.

— ரொம்ப நல்லாப் பழக்கிட்டோம், அதான் வம்பு. பாரு, குண்டு தேடுற நாயை எவனும் கத்தி எடுத்துட்டு வந்து கொல்ல மாட்டான். விஷம் தடவின கறியைப் போடுவான். அதனால கூண்டுக்குள்ள, நேரத்துக்கு வைக்கிற சாப்பாட்டை அது சாப்பிடலாம். கூண்டுக்கு வெளிய எவன் எதை வச்சாலும், அதைக் கூடவே வச்சு நடத்துற ஹேண்ட்லர் ஒரு சொல் சொன்னாத்தான் வாய் வைக்கணும். அந்தச் சொல் ஒவ்வொரு ஹேண்ட்லருக்கும் ஒவ்வொண்ணு. அவனுக்கும் நாய்க்கும் மட்டும்தான் தெரியும். மிளகோட சொல் மீசைக்குத்தான் தெரியும்.

— அப்படின்னா அதுக்கு இது வீடு இல்ல. கூண்டுக்கு வெளிய ஒரு இடம். இன்னும் டூட்டியில இருக்குறதா நினைச்சுக்கிட்டு இருக்கு.

— அதேதான். கூண்டுக்குத் திரும்பிப் போச்சுன்னா சாயங்காலமே சாப்பிட்டுடும்.

— சாப்பிடும். அப்புறம்? இன்னும் நாலஞ்சு வருஷம் கம்பியைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கும். எட்டு வருஷம் உழைச்சதுக்கு அதுக்குப் பேரு ரிட்டயர்மென்ட்டா?

— உயிரோட இருக்கும் தங்கச்சி.

— உள்ள ஒருத்தர் படுத்திருக்காரே, அவரும்தான் உயிரோட இருக்காரு.

— இப்படிப் பேசினா நான் என்ன பண்ணுவேன், சொல்லு.

— கோவிச்சுக்காதீங்க. ஒரு வாரமாச் சரியாத் தூங்கல. உட்காருங்க, அந்த நாற்காலியில இல்ல, அதுல ஊசி கிடக்கும். இங்க.

— ஆறு நாளா ஒண்ணுமே உள்ள போகலையா? அப்படின்னா இது எழுந்தே நிக்காதே.

— தண்ணி குடிக்கும்ல? தண்ணிக்கு உத்தரவு வேணாம் போல. அதனால எலும்பு வேக வச்சு, அந்தத் தண்ணியை ஆற வச்சு, அதோட தண்ணிக் கிண்ணத்துல ஊத்தி வச்சேன். ஒரு நிமிஷம் கிண்ணத்தைப் பார்த்துச்சு, ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துச்சு. 'இது தண்ணிதான்டா, சத்தியமா'ன்னேன். குடிச்சுது. நாய் டாக்டர் ரெண்டு தடவை வந்து ஊசி வழியா மருந்து ஏத்திட்டுப் போனாரு. அவ்வளவுதான் அதோட சாப்பாடு.

— இப்படி ஒரு தில்லுமுல்லுக்காரியைப் படையில சேர்க்காம விட்டுட்டேனே.

— அதெல்லாம் இருக்கட்டும். வேற வழி ஒண்ணும் இல்லையா உங்க விதியில? எல்லா விதிக்கும் பின்னால சின்ன எழுத்துல ஒண்ணு இருக்குமே.

— இருக்கு. ஏழாம் நாளுக்குள்ள நாய் தானா சாப்பிடறதைப் பொறுப்பு அதிகாரி தன் கண்ணால பார்த்துட்டா, மேற்கொண்டு ஒரு மாசம் நீட்டிக்கலாம். பொறுப்பு அதிகாரி நான். ஏழாம் நாள் இன்னைக்கு. சாயங்காலத்துக்குள்ள வண்டி படைக்குப் போய்ச் சேரணும்.

— அப்ப அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்கணும், அவ்வளவுதானே?

— நீ என்னென்ன சொல்லிப் பார்த்தே?

— என்ன சொல்லலன்னு கேளுங்க. சாப்பிடு, தின்னு, எடுத்துக்கோ, சரி, ஆகட்டும், உத்தரவு, வா, போ, உக்காரு. உக்காருன்னதுக்கு மட்டும் உட்கார்ந்துச்சு. அப்புறம் என் பேரு, பொண்ணு பேரு. கடைசியில என் மாமியார் பேரு.

— அதுக்கு என்ன பண்ணுச்சு?

— எழுந்து அந்தப் பக்கம் போயிடுச்சு. எனக்கும் அப்படித்தான் தோணும், நான் ஒண்ணும் சொல்லல.

— சிரிக்க வைக்காதே, நான் சோகமா இருக்கேன்.

— பொண்ணு வேலை பார்க்குற ஊர்ல இருந்து போன்ல ஒரு யோசனை சொன்னா. அப்பா பேசுற பழைய வீடியோ இருக்கே, அந்தக் குரலைப் போட்டுக் காட்டும்மான்னு. போட்டேன். அந்தத் தப்பை நான் பண்ணியிருக்கக் கூடாது.

— ஏன்?

— குரலைக் கேட்டதும் மிளகு துள்ளி எழுந்துச்சு. போனை மோந்துச்சு. அப்புறம் வீடு பூராவும் தேடுச்சு. கதவுக்குப் பின்னால, குளியலறையில, மாடிப்படி வரைக்கும். அவரு இங்கேயே, கட்டில்லயே இருக்காரு. அவரைத் தாண்டிப் போயி அவரையே தேடுதுண்ணே. அவரு மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அன்னைக்கு ராத்திரி அவரும் ஒரு கரண்டிகூட சாப்பிடல.

— அட ஆண்டவனே.

— நீங்க படையில தேடினீங்களா? எங்கேயாவது எழுதி வச்சிருப்பாருல்ல?

— அதைத்தான் கொண்டுவந்திருக்கேன். பாரு, இது மிளகோட பதிவேடு. இதுல 'சாப்பாட்டுச் சொல்'னு ஒரு கட்டம் இருக்கும். ஆனா எந்த ஹேண்ட்லரும் இதுல உண்மையை எழுத மாட்டான். பதிவேட்டை யார் வேணா திறக்கலாம்ல? ஒருத்தன் அவன் மாமனார் பேரை எழுதி வச்சிருக்கான். இன்னொருத்தன் 'வணக்கம்'னு எழுதியிருக்கான், அவன் நாய் வணக்கம் சொன்னா உறுமும். எல்லாம் பொய்னு எனக்கும் தெரியும், தெரிஞ்சேதான் கையெழுத்துப் போடுவேன்.

— இவரு என்ன எழுதியிருக்காரு?

— ஒரு கோடு. வெறும் கோடு. 'கெட்டிக்காரன், பொய்கூட எழுதல'ன்னு நான் அன்னைக்குச் சிரிச்சேன்.

— கோடா? காட்டுங்க.

— இந்தா. கட்டத்துக்கு நடுவுல, நேரா ஒண்ணு.

— அண்ணே, கொஞ்சம் இருங்க.

— எங்க போறே?

— இருங்கன்னேன்ல. இந்த நோட்டைப் பிடிங்க. இது நான் அளவு எழுதுற நோட்டு. பின்பக்கம் திருப்புங்க. முதல் நாள்ல இருந்து அவரு இடது கையில பென்சிலைக் குடுத்து, 'அந்தச் சொல் என்ன, எழுதிக் காட்டுங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். என்ன எழுதியிருக்காரு பாருங்க.

— கோடு.

— அடுத்த பக்கம்.

— கோடு. இதுலயும் கோடு. இதுல கோடு போட்ட வேகத்துல பேப்பரே கிழிஞ்சிருக்கு.

— அன்னைக்கு நான் கோபத்துல கத்தினேன். 'ஒரு எழுத்தாவது எழுதக் கூடாதா'ன்னு. இடது கை பழக்கம் இல்ல, எழுத வரல, மூளையில ஏதோ போயிடுச்சுன்னு நினைச்சேன். டாக்டர்கிட்டகூட அப்படித்தான் சொன்னேன். அண்ணே, அவரு எழுதிக்கிட்டுதான் இருந்திருக்காரு. சொல்லே இல்லன்னு எழுதியிருக்காரு. நான்தான் படிக்கல.

— அழாதே தங்கச்சி. நீ ஆறு நாளாப் படிக்கல. நான் எட்டு வருஷமாப் படிக்கல. வருஷா வருஷம் அந்தக் கோட்டுக்குக் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். மொத்தப் படையிலயும் உண்மையை எழுதினவன் ஒருத்தன், அவன் எதையோ மறைக்கிறான்னு நினைச்சு நான் சிரிச்சிருக்கேன்.

— வாங்க, உள்ள போயி அவரையே கேட்போம். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தா ஆமாம். ரெண்டு தடவைன்னா இல்ல. கேள்வியைச் சின்னதாக் கேளுங்க, உங்க ஆபீஸ் கடுதாசி மாதிரி இழுக்காதீங்க.

— என்ன மீசை, எப்படி இருக்கே? வந்து எட்டிக்கூடப் பார்க்கலன்னு திட்டிக்கிட்டு இருக்கியா? மீசை வளரும்டா, அதுக்கெல்லாம் மூஞ்சியைத் திருப்பாதே. இங்க பாரு. மிளகுக்குச் சாப்பாட்டுச் சொல்லே கிடையாதா?

— ஒரு தடவை. ஆமாங்கிறாரு.

— விசில் அடிப்பியா?

— இல்ல.

— தட்டைத் தட்டுவியா? முதுகுல தட்டுவியா?

— இல்ல. இல்லங்கிறாரு. அண்ணே, கையைப் பாருங்க. அடுப்படிப் பக்கம் காட்டுறாரு. நாலு நாளா இப்படித்தான் காட்டுறாரு, தண்ணி கேக்குறாருன்னு நினைச்சுத் தண்ணி குடுத்துக் குடுத்து... தண்ணி இல்லையாங்க? இல்லையாம். வேற என்ன இருக்கு அடுப்படியில?

— இரு, இரு. நான் யோசிக்கிறேன். இவன் எங்களோட உட்கார்ந்து சாப்பிட மாட்டான், தெரியுமா? மதியம் மணி அடிச்சா எல்லாரும் மேஜைக்கு வருவோம், இவன் டப்பாவைத் தூக்கிட்டு வண்டிக்குப் பின்னால போயிடுவான். கூப்பிட்டாலும் வரமாட்டான். திமிருன்னு பேசிக்கிட்டோம்.

— எப்ப இருந்து?

— அந்த விஷக்கறி வீசின சம்பவத்துல இருந்து. மதிலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து எவனோ வீசினான். ரெண்டு நாய் ஒரே நாள்ல போச்சு. மிளகு அப்ப குட்டி, பழக ஆரம்பிச்ச புதுசு.

— அப்படின்னா உப்பில்லாத டப்பா!

— என்ன டப்பா?

— அப்பதான் ஒரு நாள் வந்து சொன்னாரு, இனிமே எனக்கு உப்பு, காரம் எதுவும் வேணாம், சாதமும் கறியும் வெறுமனே வேக வச்சுக் குடுன்னு. பிரஷரான்னு கேட்டேன். ம்ம்னாரு. எட்டு வருஷமா அந்த மனுஷனுக்குப் பிரஷர்னு நினைச்சு நானும் ஊர் பூரா வைத்தியம் விசாரிச்சிருக்கேன்! வீட்டுக்கு வந்தா ஊறுகாய் பாட்டிலோட உட்காருவாரு. இது என்ன பிரஷர்னு எனக்குப் புரியவே இல்ல.

— உப்பு நாய்க்கு ஆகாது.

— இருங்க, அந்த டப்பாவை எடுத்துட்டு வரேன். அடுப்படிப் பரண்ல போட்டு வச்சேன். ஸ்டூலைப் பிடிங்க. பிடிச்சீங்களா? இந்தா, இதுதான். இந்த மூடியைப் பாருங்க.

— என்ன இது, ஓரம் பூரா ஒடுங்கிப் போயிருக்கு?

— பல் தடம். கேட்டப்பல்லாம் உங்க டிரைவர் மேலதான் பழி போட்டாரு. டிரைவர் மூடியைப் பல்லால திறக்குறானாம். நானும் அந்த ஆளு பல்லு நல்லா இருக்கணும்னு நினைச்சுக்குவேன்.

— அவன் கீழதான் இருக்கான், கூப்பிட்டுப் பல்லை எண்ணிப் பார்ப்போமா?

— அண்ணே, மிளகைப் பாருங்க! மூடிச் சத்தம் கேட்டு எழுந்துடுச்சு. வாலைப் பாருங்க. ஒரு வாரமா இந்த வால் அசையவே இல்ல.

— டப்பாவுல இவன், மூடியில இது. ஒரே சாப்பாடு. மீசை, நீ முதல்ல சாப்பிட்டுக் காட்டுவே. விஷம் இல்லன்னு நாய்க்குத் தெரியணும். அதுக்கப்புறம்தான் அது சாப்பிடும். சரியா?

— ஒரு தடவை. கண்ணைத் திறக்கவே மாட்டேங்கிறாரு, இறுக்கமா மூடிக்கிட்டு ஆமாங்கிறாரு.

— எவனோ விஷம் வச்சா முதல்ல நீ சாகலாம்னு நினைச்சியாடா? மடையா. இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாது?

— சொன்னா விட்டிருப்பீங்களா?

— விதின்னு ஒண்ணு இருக்கே, எப்படி விடுவேன்? சரி, இப்ப என்ன கஷ்டம், சாப்பாட்டைக் கொண்டு வா. இவனுக்கு ஒரு வாய் ஊட்டு, அது பார்க்கட்டும்.

— அதுலதான் கஷ்டமே இருக்கு.

— என்ன?

— வெளிய வாங்க, சொல்றேன். அவருக்கு வாய் ஒரு பக்கம் மூடாது. ஊட்டினா பாதி வழிஞ்சிடும். யாரும் பார்க்கக் கூடாது அவருக்கு. பொண்ணு லீவு போட்டு வந்து பத்து நாள் இருந்தா, அவளைக்கூட விடல. கதவைச் சாத்தினாத்தான் வாயைத் திறப்பாரு. அதுவும் மூணு கரண்டி. நாலாவது கரண்டிக்கு வாயை மூடிக்குவாரு. இப்படியே போனா மூக்கு வழியாக் குழாய் போட்டுத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

— அப்ப மிளகு?

— கதவுக்கு வெளிய படுத்திருக்கும். நான்தான் வெளிய விடுவேன். ஒரு நாளைக்கு மூணு தடவை, அவரு சாப்பிடுற நேரம் பார்த்து நானே அதை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கேன்.

— நீ தெரிஞ்சா பண்ணினே?

— தெரியாமத்தான். ஆனா பண்ணினது நான்தானே. நகருங்க, உள்ள போயி நானே கேக்குறேன். ஏங்க, இங்க பாருங்க. மிளகு உங்க எதிர்ல உட்காரட்டும். நான் ஊட்டுறேன். வழிஞ்சா வழியட்டும், நான் துடைக்கிறேன். அது நாய்ங்க, அது உங்க வாயையா பார்க்கப் போகுது? நீங்க முழுங்கிட்டீங்களான்னு பார்க்கப் போகுது. சரின்னு சொல்லுங்க.

— என்ன சொல்றான்?

— உங்களைப் பார்க்குறாருண்ணே.

— புரியுது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி நிக்கிறேன். சுவத்தைப் பார்க்கச் சொன்னாலும் பார்க்கிறேன். போதுமா மீசை?

— ஒரு தடவை மூடித் திறந்தாரு! இருங்க, சாதத்தையும் கறியையும் மசிச்சு இந்த டப்பாவுலயே எடுத்துட்டு வரேன். உப்பில்லாம.

— சீக்கிரம் வா. இது மூடியை வாயில கவ்விக்கிட்டு நிக்குது.

— வந்துட்டேன். மூடியைக் குடுடா கண்ணு. குடு. இந்தா, உனக்கு இதுல. இப்ப அவருக்கு. தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்க. உங்களுக்கு முழுங்கப் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு சொல்லிக் குடுத்தாள்ல, அப்படித்தான். அவசரம் வேணாம். இடது பக்கமா மெல்லுங்க.

— என்னாச்சு?

— திரும்பாதீங்க. வழியுது, துடைச்சுட்டேன். மெல்லுறாரு. முழுங்குங்க. முழுங்கிட்டீங்களா? இன்னொரு தடவை முழுங்குங்க. முழுங்கிட்டாரு.

— மிளகு?

— அவரு கழுத்தையே பார்க்குது. அண்ணே. அண்ணே!

— சொல்லும்மா, என் உயிரை வாங்காதே!

— சாப்பிடுதுண்ணே. மூடியில வச்சதைச் சாப்பிடுது.

— காதுல விழுது. மூடி தரையில இழுபடுற சத்தம் விழுது. தங்கச்சி, நான் பார்க்கணும். 'கண்ணால பார்த்தேன்'னு எழுதணும், 'முதுகால பார்த்தேன்'னு எழுத முடியாது.

— இருங்க, நிறுத்திடுச்சு.

— ஏன்? என்ன வச்சே?

— ஒரு வாய்தான் எடுத்துச்சு. பாக்கியை அப்படியே விட்டுட்டு அவரைப் பார்க்குது. மூக்கால மூடியை அவரு பக்கம் தள்ளுது.

— அடப்பாவி. முறை வச்சிருக்கான். நீ ஒரு வாய், நான் ஒரு வாய். அடுத்து இவன் முறை, ஊட்டு.

— ரெண்டாவது கரண்டி. தாடையை இறக்குங்க. மெதுவா. ஆங். முழுங்கியாச்சு. இப்ப அது சாப்பிடுது. மூணாவது, இந்தாங்க. ம்ம். இப்ப அது.

— அடுத்தது நாலாவது.

— தெரியும். பேசாதீங்க. ஏங்க, இது நாலாவது. வேணாம்னா வாயை மூடிக்குங்க, நான் வற்புறுத்தல. ஆனா அது மூடியை முட்டிக்கிட்டே இருக்கு, பாருங்க. பாதி வயித்துல நிறுத்தினா அதுக்கு என்ன தெரியும்? நீங்க ஏதோ ஆபத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நினைக்கும்.

— தங்கச்சி?

— வாயைத் திறந்துட்டாரு.

— மூச்சு விடலாமா நான்?

— விடுங்க. அஞ்சாவது. ஆறு. ஏழு. இதோ பாரு, மிளகு பசி அடங்காட்டியும் அவரு முகத்தைப் பார்த்துப் பொறுமையா உட்கார்ந்திருக்கு. என்ன மரியாதை! கல்யாணம் ஆன நாளா நான் ஒரு தடவைகூட இவரு சாப்பிடட்டும்னு இப்படிப் பொறுமையா உட்கார்ந்ததில்ல.

— நான் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். எதிர் வீட்டுத் துணி எத்தனைன்னு எண்ணி முடிச்சுட்டேன்.

— ஏங்க, அண்ணன் திரும்பணுமாம். அவரு பார்த்தாத்தான் மிளகு இங்க இருக்கலாமாம். உங்க வாயில சாதம் ஒட்டியிருக்கு, துடைக்கட்டுமா முதல்ல? துடைக்க வேணாமா? அப்படியே திரும்பச் சொல்லட்டுமா?

— என்ன சொல்றான்?

— ஒரு தடவைண்ணே. திரும்புங்க.

— அட, மீசை. அட. ரெண்டு பேரும் ஒரே மாதிரி மூஞ்சியெல்லாம் சாதம் பூசிக்கிட்டு... எழுதிக்கிறேன். 'என் இரு கண்ணால பார்த்தேன்.' மூணாவது கண் இருந்தா அதையும் எழுதுவேன். கைக்குட்டை இருக்கா? எனக்கு, அவனுக்கு இல்ல.

— இந்த வெட்டுத்துணியில துடைச்சுக்குங்க.

— ஹலோ, டிரைவரா? கூண்டை மூடிடு. ஆமாம், மூடிட்டு நீ வண்டியை எடுத்துட்டுப் போ. நான் பஸ்ல வரேன். என்னது? ஒண்ணும் இல்ல. உன் பல்லைப் பத்தி எட்டு வருஷமா இந்த வீட்டுல ஒரு அவதூறு இருந்துச்சு, அது இன்னைக்குத் தீர்ந்துச்சு. வை.

— டப்பாவைப் பாருங்கண்ணே. தீர்ந்துபோச்சு. மூணு கரண்டிக்கு மேல ஒரு பருக்கை இறங்காத மனுஷன், டப்பா பூராவும் சாப்பிட்டிருக்காரு. அவ்வளவுதாங்க, காலி. மிளகு, உனக்கும் காலிடா. ரெண்டு பேரும் என்னை எதுக்கு இப்படிப் பார்க்குறீங்க?

— தங்கச்சி, அவன் வாயைப் பாரு.

— துடைக்கிறேன், இருங்க.

— அதுக்கு இல்ல. கையை எடு. அவன் ஏதோ... எடு கையை!

— என்னங்க? என்ன? தண்ணியா?

— இன்... இன்னும்.